ஹாங்காங் மலைப்பாதைகளில் 11 ஆண்டுகள்

வேலை நிமித்தம் ஹாங்காங்கில் குடியேறிய முதல் ஆண்டிலேயே மலைப்பாதைகளில் நடக்கத் தொடங்கினேன். இந்த நவம்பரோடு 11 ஆண்டுகள் நிறைகின்றன. கோடை மாதங்கள் நீங்கலாக, மாதத்திற்கு இரண்டு ஞாயிறுகளாவது நடந்துவிடுவேன். ஒரே ஒரு முறை போய்வந்தவர்கள் எழுதிய குறிப்புகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரே பாதையில் பத்துப் பதினைந்து முறை, வெவ்வேறு பருவங்களில் நடந்த பிறகே புலப்படும் நிறைகுறைகள் சில உண்டு. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வானுயர் கட்டடங்களின் ஊராகவே பலரும் அறிந்த ஹாங்காங்கின் மொத்த நிலப்பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இயற்கைப் பூங்காக்களாகவும் சிறப்புப் பகுதிகளாகவும் பாதுகாக்கப்பட்டுள்ளது. அவற்றினூடே நான்கு நெடும்பாதைகள் செல்கின்றன. 1979இல் திறக்கப்பட்ட மெக்லஹோஸ் பாதை 100 கிலோமீட்டர் நீளமுடையது. லாந்தாவ் பாதை 70, ஹாங்காங் தீவுப் பாதை 50, வில்சன் பாதை 78 கிலோமீட்டர். வில்சன் பாதை தெற்கே தீவில் தொடங்கி வடக்கே பெருநிலத்தில் முடிகிறது என்பதால், நடுவில் உள்ள துறைமுகத்தை மெட்ரோ ரயிலில் கடந்து மறுகரையில் நடையைத் தொடர வேண்டும். மலைச்சேறு படிந்த காலணியோடு ரயிலில் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தப் பாதைகளில் நான் மிகவும் மதிப்பது, காட்சிகளைவிடவும், 500 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் தூரக் கம்பங்களை. பாதையைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து, வரிசை எண், அதன் கீழே அந்த இடத்திற்குரிய வரைபடக் குறியீடு ஆகியவை அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணைப் பாதியாக்கினால் நடந்த கிலோமீட்டர் கிடைத்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் இது எவ்வளவு தூரம் நடந்தோம் என்று மகிழ்வதற்கான ஏற்பாடு என்றே எண்ணியிருந்தேன். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில், மெக்லஹோஸ் பாதையின் மூன்றாம் பகுதியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஈரச் சருகு மூடியிருந்த படியில் வலது கால் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. என் மனைவி சற்றும் பதறாமல் அருகிலிருந்த கம்பத்துக்குச் சென்று எண்ணைப் பார்த்தாள்: எம் 061. அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்து அந்த எழுத்தையும் எண்ணையும் சொன்னாள். வேறெந்த வழியும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீட்புப் பணியாளர்கள் நேரே நாங்கள் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடப்பது எங்கள் இருவருக்கும் பழக்கமாகிவிட்டது. இந்தப் பாதை தொடங்கும் சாய் குங் வட்டாரத்துப் பள்ளத்தாக்குகளில் கைபேசிச் சமிக்ஞை அடிக்கடி அறுந்துபோகும் என்பதால், திரையில் தெரியும் வரைபடத்தை மட்டும் நம்பிப் புறப்படுவது தவறு.

கடலும் மலையும் ஒருசேர வேண்டும் என்பவருக்கு மெக்லஹோஸ் பாதையின் முதல் இரண்டு பகுதிகளையே முதலில் பரிந்துரைப்பேன். பாக் தாம் சுங்கில் தொடங்கும் முதல் பகுதி, பெரும்பாலும் நீர்த்தேக்கத்தை ஒட்டிய தார்ச்சாலை. கால் பழகுவதற்கு உதவுமே தவிர, மனத்தில் நிற்பதில்லை. நேரம் குறைவாக இருப்பவர்கள் வாடகைக் காரில் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணைவரை சென்றுவிடலாம். நானும் பல முறை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கிழக்கு அணையடியில் மட்டும் அவசரப்படக் கூடாது. சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் படிவு மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது வெடித்துப் பிரிந்த பாறை, அறுகோணத் தூண்களாக வரிசை வரிசையாக நிற்கிறது. எரிமலைப் பாறைத் தூண்கள் உலகில் பல இடங்களில் கருநிற பசால்ட்டாக இருக்கும். இங்கோ சிலிகா மிகுந்த வெளிர்ப் பாறை என்பதால் மாலை வெயில் பட்டதும் தேன் நிறம் கொள்கிறது. அணையை ஒட்டிய ஓரிடத்தில் தூண்கள் இடுப்பொடிந்தாற்போல வளைந்து நிற்பதையும், அவற்றினூடே கருநிறப் பாறைக்கீற்று ஒன்று செருகி ஏறியிருப்பதையும் காணலாம். அந்த வளைவு, பாறை முழுதாய் இறுகும் முன்பே நிலம் அசைந்ததன் தடம். கையால் தடவிப் பார்த்தால் தூண்களின் விளிம்பு இன்றைக்கும் கூர்மையாகவே இருக்கிறது.

அங்கிருந்து லாங் கே கடற்கரைக்கு இறங்கினால் முதல் பகுதி முடிகிறது. அடுத்து சாய் வான் மலையில் ஏறி, மறுபக்கம் சாய் வான் கடற்கரைக்கு இறங்குவது இரண்டாம் பகுதியின் முதல் பாதி. ஏற்றத்தில் நிழல் அறவே இல்லை. சாய் வானுக்கு அடுத்த ஹாம் தின் கடற்கரையில் ஓடை கடலோடு சேருமிடத்தில் ஒடுக்கமான பலகைப் பாலம் ஒன்று இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் கரையிலேயே காத்திருந்து, அவர் கடந்த பின்னர்தான் கால் வைக்க வேண்டும். பாலத்தைத் தாண்டினால் சிறு உணவுக் கடையில் சூடான நூடுல்ஸ் கிடைக்கும். நாங்கள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவோம். வெயிலில் ஐந்து மணி நேரம் சுமந்தாலும் கெடுவதில்லை. பின்னணியில் தெரியும் 468 மீட்டர் உயரக் கூர்முனைச் சிகரம் எவரையும் ஈர்க்கும். ஆனால் அது அதிகாரபூர்வப் பாதையில் சேராதது. உச்சியை ஒட்டிய சரிவில் கால் வைத்த இடத்தில் கற்கள் உருளும். இரண்டு முறை ஏறிவிட்டேன், மூன்றாம் முறை ஏறப்போவதில்லை.

உயரத்தை விரும்புவோர் லாந்தாவ் தீவுக்குச் செல்லலாம். 869 மீட்டர் உயர அந்திச் சிகரத்தையும் 934 மீட்டர் உயர லாந்தாவ் சிகரத்தையும் பாக் குங் ஆவ் கணவாய் பிரிக்கிறது. பேருந்து அந்தக் கணவாய்க்கே வருவதால் எதில் ஏறுவது என்பதை இறங்கிய பின்பும் முடிவு செய்துகொள்ளலாம். நவம்பரில் அந்திச் சிகரத்தின் தோள் முழுவதும் நாணல் போன்ற புல் வெண்பட்டாகப் பூத்திருக்கும். அதைப் படமெடுக்க வருபவர்கள் பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கி மிதித்துவிடுவதால், ஆண்டுதோறும் வெறும் மண்திட்டுகள் கூடிக்கொண்டே போவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்து, என் முதன்மையான குறையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதைகளில் சிமெண்ட்டு மிகுதி. ஏறும்போது வசதியாகத் தோன்றும் சிமெண்ட்டுப் படிகள், இறங்கும்போது ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் அப்படியே முழங்காலுக்கு அனுப்புகின்றன. படியின் உயரம் பருவ வயதினருக்கும் முதியவருக்கும் ஒன்றே. மண்பாதையில் போல நமக்கேற்ற அடியை நாமே தேர்ந்துகொள்ள முடியாது. மழைநீர் உள்ளிறங்க வழியின்றிப் படியின் ஓரங்களில் வாய்க்கால் பறித்து ஓடுவதால், சில ஆண்டுகளில் படி மட்டும் மேட்டில் நிற்க, இருபுறமும் பள்ளமாகிவிடுகிறது. நடப்பவர்கள் படியைத் தவிர்த்து அந்த ஓரத்திலேயே நடப்பதால் பள்ளம் இன்னும் அகலமாகிறது. எட்டாம் ஆண்டிலிருந்து இரண்டு ஊன்றுகோல்கள் இல்லாமல் நான் இறங்குவதில்லை. வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் மூங்கில் தடி வாங்குவது ஏற்றத்துக்கு மட்டுமன்று என்பது அப்போதுதான் விளங்கியது.

பருவத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையே உகந்தது. மே முதல் செப்டம்பர் வரையிலான ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் உடல் சூடேறிவிடுகிறது. நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் நிழலற்ற முகட்டில் மயங்கி விழுந்ததைக் கண்டிருக்கிறேன். கடுவெப்ப எச்சரிக்கையோ இடி எச்சரிக்கையோ வந்தால் பயணத்தைக் கைவிட்டுவிடுங்கள். 2018 செப்டம்பரில் மங்குட் சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகு, எனக்குப் பழக்கமான பாதைகளில் வேரோடு சாய்ந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. வறண்ட மாதங்களில் இடர் வேறு: கல்லறைகளுக்குச் சென்று முன்னோரை வணங்கும் சுங் யூங், சிங் மிங் நாட்களை ஒட்டி ஊதுவத்தியிலிருந்தும் எரிக்கும் காகிதங்களிலிருந்தும் மலைத்தீ பரவுவதுண்டு.

பாதையோரக் குப்பைத் தொட்டிகள் 2017 முடிவுக்குள் அகற்றப்பட்டபோது, மலை நாறிப்போகும் என்று எண்ணினேன். அப்படி நடக்கவில்லை. நிரம்பி வழியும் தொட்டியை மாடுகளும் குரங்குகளும் கிளறிப் போடுவது நின்றது. பெரும்பாலோர் தம் குப்பையைத் தாமே கீழே எடுத்துச் செல்கிறார்கள். நாங்களும் இரண்டு பைகள் கொண்டு போகிறோம், ஒன்று எங்களுடையதற்கு, மற்றது வழியில் கிடப்பதற்கு. காலையில் எதிர்ப்படும் முதியவர்கள் அதைப் பார்த்துவிட்டு 'ஜௌ சான்' என்று வணக்கம் சொல்லும்போது ஓர் உறவு ஏற்பட்டுவிடுகிறது.

அண்மை ஆண்டுகளில் பூங்காத் துறை சிமெண்ட்டுக்குப் பதிலாகக் கல்லும் மரமும் மண்ணும் கொண்டு பாதைகளைச் செப்பனிடுவதோடு, அந்தப் பணியில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறது. சென்ற ஆண்டு மார்ச்சில் நானும் ஒரு நாள் சென்றேன். ஒரு கல்லை நடுவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு குழி வெட்டி, கல்லின் தட்டையான முகம் மேலே வருமாறு புரட்டி, இடைவெளிகளில் சில்லுகளைச் செருகி, கடப்பாரை முனையால் குத்திக் கெட்டிப்படுத்தினோம். தண்ணீர் பாதை நெடுக ஓடாமல் ஓரமாய் விலகி வடிவதற்காக, மேலே குறுக்குச் சாய்வாக இன்னொரு கல் வரிசையும் பதித்தோம். மழைக்காலம் கழிந்து அக்டோபரில் சென்று, அந்தக் கல்லின் மேல் இரு கால்களையும் வைத்து நின்று பார்த்தேன். அசையவில்லை, அதன் கீழ்விளிம்பில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது.