ஈரலில் கட்டி என்று ஸ்கேனில் வந்தால், என்ன கட்டி என்று தெரியாமல் ஊசி குத்த விடாதீர்கள்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் பக்கம் இருக்கிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆடு வளர்க்கிற வீடு, வாசலில் நாய் கிடக்கிற வீடு என்றால் இன்னும் கவனமாகப் படியுங்கள். என் அக்காவுக்கு ஈரலில் இருந்த கட்டியில், அது என்ன கட்டி என்று பார்க்காமலே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தினார்கள். மேசையிலேயே உயிர் போயிருக்கும். பிழைத்து வந்தாள், ஆனால் அந்த ஊசியின் பாதிப்பை இன்னும் பல வருஷம் சுமக்க வேண்டியிருக்கிறது.

புகார் விசாரணையில் இருப்பதால் ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. ராமநாதபுரம் டவுனில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி, வெளியூர் டாக்டர்கள் வாரத்தில் சில நாள் வந்து போகிற இடம். அவ்வளவு போதும்.

அக்கா வீடு தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். மச்சான் கடலுக்குப் போகிறவர். அக்கா சின்ன வயதிலிருந்து ஆடு மேய்த்தவள், இப்போதும் பத்துப் பன்னிரண்டு ஆடு நிற்கிறது. வலது பக்க விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, சாப்பிட்டால் வயிறு உடனே நிறைந்துவிடுகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக் காலத்தை ஓட்டியிருக்கிறாள். பிறகு கையால் தொட்டாலே தெரிகிற அளவு வீக்கம் வந்ததும் ஸ்கேன் எடுத்தோம்.

ஸ்கேன் சென்டரில் இருந்தவர் நல்ல டாக்டர். ஈரலின் வலது பக்கத்தில் 11 சென்டிமீட்டர் கட்டி, அதற்குள் பல சின்னச் சின்னப் பைகள், ஹைடாடிட் (நாடாப்புழுவால் வருகிற நீர்ப்பை) கட்டியாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கவும் என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருந்தார். பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். நோயின் பெயர் முதல் நாளே காகிதத்தில் இருந்தது. அதைக் கையில் வாங்கிய டாக்டர் படத்தைப் பார்த்தார், எழுத்தைப் படிக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா, சீழோ நீரோ, ஊசி போட்டு உறிஞ்சிட்டா சரியாப் போயிரும். சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். சிடி வேண்டாமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். ரிப்போர்ட்டில் ஏதோ ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறதே என்று மச்சான் கேட்டார். "அது அவங்க வழக்கமா எழுதுறதுதான்" என்று முடித்துவிட்டார். மொத்தம் 28,000 ரூபாய் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டியபோது இந்த சிகிச்சைக்கெல்லாம் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு படிவத்தில் மச்சானிடம் கையெழுத்து வாங்கினார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று நிரப்ப வேண்டிய இடம் அப்போது வெறுமையாக இருந்தது.

உள்ளே கூட்டிப்போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் ஓடி வந்தார். அப்புறம் இன்னொருவர். மயக்க மருந்து டாக்டருக்கு அப்போதுதான் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் கட்டடத்திலேயே இல்லை. அக்காவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு ஏறி, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் விழுந்து நினைவு போயிருந்தது. கட்டியிலிருந்து வந்தது சீழ் இல்லை, தெளிந்த நீர் என்று உள்ளே நின்ற பையன் பிறகு சொன்னான். அந்த நீரைப் பரிசோதனைக்குக்கூட அனுப்பவில்லை, கொட்டிவிட்டார்கள். நல்லவேளை, 108 சீக்கிரம் வந்தது. பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். புறப்படும் முன் பாக்கிப் பணத்தைக் கட்டச் சொல்லி கேட்டருகே ஒருவர் நின்றார். மருந்து, ஐசியூ என்று சேர்த்து 28,000 அப்போது 61,000 ஆகியிருந்தது.

இனி இந்தக் கட்டியைப் பற்றி. மதுரையில் டாக்டர்கள் எங்களுக்குப் பொறுமையாக விளக்கியதை, அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஹைடாடிட் என்பது ஒரு நாடாப்புழுவால் வருவது. எக்கினோகாக்கஸ் என்று பெயர், சில மில்லிமீட்டர் நீளம்தான். நாயின் குடலில் வாழும். அதன் முட்டை நாயின் மலத்தில் வெளியே வரும். மண்ணில், தண்ணீரில், கீரையில், நாயின் முடியில் ஒட்டியிருக்கும். மேய்கிற ஆடு அதைத் தின்றால் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பை வளரும். அந்த ஆட்டை வெட்டி, கெட்டுப்போன ஈரல் என்று ஒதுக்கியதை நாய்க்கு வீசினால் நாய்க்குள் மறுபடி புழு. இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே இல்லை. கை கழுவாமல் சாப்பிடும்போது, நாயைத் தடவிய கையை வாயில் வைக்கும்போது முட்டை உள்ளே போய்விட்டால், நம் உடம்பிலும் அதே பை வளர்கிறது. பெரும்பாலும் ஈரலில், அதற்கடுத்து நுரையீரலில். மண்ணீரல், சிறுநீரகம், மூளை, எலும்பு என்று எங்கேயும் வரலாம். மெதுவாக வளர்வதால் பல வருஷம் ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு ஆடு மேய்த்த சின்ன வயதிலேயே வந்திருக்கலாம் என்றார்கள். ஆட்டுக்கறி தின்பதால் நமக்கு வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. அக்காவின் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்த சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பைக்குள் இருக்கிற நீர் ஆபத்தானது. அது வயிற்றுக்குள் கசிந்தால் உடம்பு கடுமையான ஒவ்வாமையில் இறங்கலாம், அக்காவுக்கு நடந்தது அதுதான். அது மட்டுமில்லை. நீரில் புழுவின் குருத்துகள் இருக்கும். சிந்திய இடத்திலெல்லாம் புதிதாகக் கட்டி முளைக்க வாய்ப்பு உண்டு.

ஊசியே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்கிற ஒரு வழி இருக்கிறது. அல்பெண்டசோல் மாத்திரையை முன்னதாகவே கொடுத்து, மயக்க மருந்து டாக்டரும் ஒவ்வாமைக்கான மருந்தும் பக்கத்தில் இருக்க, ஸ்கேன் பார்த்தபடி குத்தி, நீரை எடுத்து, அதில் பித்தநீர் கலக்கவில்லை என்று உறுதி செய்து, புழுவைக் கொல்லும் அடர் உப்புநீரைச் செலுத்தி, மறுபடி உறிஞ்சி எடுப்பார்கள். உள்ளே தடுப்புகள் இல்லாத, ஒரே பையாக இருக்கிற கட்டிக்குத்தான் அது பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஸ்கேன் தோற்றத்தை வைத்தே இந்தக் கட்டியை சிஇ1 முதல் சிஇ5 வரை பிரித்திருக்கிறது. சின்னதாக, ஒற்றைப் பையாக இருந்தால் மாத்திரை மட்டுமே போதலாம். கெட்டியாகி சுண்ணாம்பு படிந்து செத்துப்போன கட்டி என்றால் தொந்தரவு இல்லாதவரை சும்மா விட்டுக் கண்காணிப்பார்கள். அக்காவுடையது சிஇ2, பெரிய பைக்குள் குட்டிப் பைகள் நிறைந்தது. ஒரு ஊசியால் காலி செய்யவே முடியாத வகை. குத்தியதில் பயன் எதுவும் கிடைத்திருக்க வழியில்லை.

மதுரையில் முதலில் உடம்பைத் தேற்றினார்கள். பிறகு சிடி, ரத்தத்தில் ஹைடாடிட்டுக்கான எலிசா பரிசோதனை. இந்தப் பரிசோதனை சிலருக்கு நெகட்டிவ் என்று வந்தாலும் கட்டி இருக்கும், அதனால் ஸ்கேன் தோற்றத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். மாத்திரையை ஆரம்பித்து, கொஞ்ச காலம் கழித்து வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கட்டியைச் சுற்றி அடர் உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கி, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் காத்து, பையை உறிஞ்சி, உள்ளே இருந்த வெள்ளைச் சவ்வையும் குட்டிப் பைகளையும் முழுக்க எடுத்திருக்கிறார்கள். எடுத்ததைப் பாட்டிலில் மச்சானிடம் காட்டினார்கள். தோல் உரித்த நுங்கு போல ஒவ்வொன்றும் நீர் நிறைந்து மினுங்கியது என்றார். காலியான குழியில் வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புச் சவ்வின் ஒரு பகுதியை வைத்து மூடினார்கள். கட்டி பித்தக்குழாயை அரித்திருந்ததால் பிறகு டியூப் வழியாகப் பித்தநீர் வந்துகொண்டிருந்தது. எண்டோஸ்கோப்பி மூலம் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் அது அடங்கியது. நாங்கள் பயந்தோம், இந்த ஆபரேஷனில் இது நடப்பதுதான் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஆபரேஷன் முழுவதும் காப்பீட்டுத் திட்டத்திலேயே முடிந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிற அதே அட்டை. அந்தத் தனியார் ஆஸ்பத்திரி திட்டத்தில் சேரவே இல்லை, அதைத்தான் எங்களிடம் 'அட்டை செல்லாது' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் செல்லாது என்றால் அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போட்டு விசாரியுங்கள். ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதல் கருத்தை அங்கே கேட்கலாம்.

இப்போது அக்கா அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை என்று ஒன்று கொடுப்பார்களே, அதே மருந்துதான், ஆனால் மாதக்கணக்கில். எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும். இடையிடையே ஈரல் பரிசோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. முதல் ஊசியில் நீர் வயிற்றுக்குள் சிந்தியிருப்பதால் மாத்திரையை நீட்டித்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக் கவனிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே சரியான இடத்துக்கு அனுப்பியிருந்தால் இந்தப் பயம் அவளுக்கு இருந்திருக்காது.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்தாலே பயந்துவிடாதீர்கள். ஈரலிலும் சிறுநீரகத்திலும் சாதாரண நீர்ப்பை நிறையப் பேருக்கு இருக்கும், வயது ஏற ஏற அதிகம். மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர், தொந்தரவு இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டர் நீர்ப்பை தெரிந்தது. உடனே ஆபரேஷன் என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். மதுரையில் காட்டியபோது வீட்டுக்குப் போங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். பெரிதாகி வலி தருகிற சாதாரண ஈரல் நீர்ப்பைக்கும் ஊசியால் நீரை எடுப்பது மட்டும் போதாது, மறுபடி நிறைந்துவிடும். லேப்ராஸ்கோப்பியில் அதன் மேல் சுவரை வெட்டி எடுப்பதுதான் வழக்கம்.

கடைசியாக, கோப்பு விஷயம். அந்த ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசி குத்தியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'உறவினர் விருப்பத்தின் பேரில் மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். முழு மருத்துவப் பதிவையும் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஒழுக்க விதிகள் சொல்கின்றன. நேரில் கேட்டபோது இழுத்தடித்தார்கள். விதியைக் குறிப்பிட்டு ஒப்புகையோடு பதிவுத் தபால் அனுப்பியதும் வந்தது. வெறுமையாக இருந்த படிவம் இப்போது வேறு மையில் நிரப்பப்பட்டிருக்கிறது. மச்சான் கையெழுத்துப் போட்ட அன்று அதை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் கையெழுத்துப் போடுகிற எல்லாப் படிவத்தையும் படம் எடுத்து வையுங்கள். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், அங்கே இரண்டு படிவத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறோம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

அக்கா வீட்டு நாய்க்குக் கால்நடை மருந்தகத்தில் நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் சொல்கிற இடைவெளியில் கொடுக்க வேண்டும். கிடா வெட்டினால் நீர்ப்பை இருக்கிற ஈரலையும் நுரையீரலையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லியிருக்கிறோம். ஒரே வீடு, ஒரே நாய் என்பதால் மச்சானுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். மச்சானுக்கும் மூத்தவனுக்கும் ஒன்றும் இல்லை. சின்னவளுக்கு ஈரலில் சிறியதாக ஒரு நீர்ப்பை தெரிகிறது. சாதாரணமானதாகத்தான் தோன்றுகிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை யாரும் ஊசியை எடுக்கவில்லை.