கடைசல் கோடா, உரிந்த முலாமா?

எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கடைந்த மைப்பேனா வந்த அன்று பெட்டியைப் பிரித்ததும் முகம் சுண்டிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உடம்பைச் சுற்றி மெல்லிய கடைசல் கோடுகள், மூடியை முழுசாகத் திருகியும் ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி, கிளிப்பில் லேசான கோணல். அதில் பாதி விலைக்கு வாங்கிய இன்னொன்று, பித்தளை உடம்புக்குக் கறுப்பு லாக்கர் பூசிய தொழிற்சாலைப் பேனா, பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நான்கு வருஷம் கழித்து இன்று சட்டைப் பையில் இருப்பது எபோனைட்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பித்தளை கனம், எபோனைட் லேசு. பித்தளையில் கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி வைக்கும் சின்னக் குழாய்) போட்டால் 1 மில்லி மைகூடப் பிடிக்காது. எபோனைட்டில் ஃபில்லரால் (சொட்டுக்குழாய்) உடம்புக்குள்ளேயே ஊற்றுவதால் 3 மில்லி வரை போகும். புது எபோனைட் கொஞ்ச நாளைக்கு ரப்பர் வாடை அடிக்கும், பழகிவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: கண்ணுக்குத் தெரியும் குறையை வாங்கின பிறகு நாமே சரிசெய்ய முடியுமா?

லாக்கரும் முலாமும் வெறும் மேல்தோல். சாவிக்கொத்து ஒரு தடவை உரசிப் பெயர்த்துவிட்டால் அவ்வளவுதான், தேய்த்தால் இன்னும் பெரிதாகும். அதைவிட மோசம், விரல் பிடிக்கும் கழுத்தில் நிப்பு நுழைகிற விளிம்பு. அங்கே மை எப்போதும் ஒட்டி நிற்கும், அமிலத்தன்மை உள்ள மை என்றால் கேட்கவே வேண்டாம். என் பேனாவில் இரண்டாவது வருஷம் அங்கே புள்ளி புள்ளியாக முலாம் அரித்து, பித்தளை பச்சை பூத்துவிட்டது. திரும்ப முலாம் போடக் கேட்டேன், பேனா விலையைவிட அதிகம் சொன்னார்கள்.

எபோனைட் அப்படியில்லை. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய பொருள், உள்ளே வரைக்கும் அதே நிறம். ராஜமுந்திரி, திருவள்ளூர் போன்ற ஊர்களில் இன்றும் ஒவ்வொன்றாகக் கையால் கடைகிறார்கள், கோடு விழுவது அதனால்தான். நான் 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அப்புறம் கார் பாலிஷ் போட்டேன், அரை மணி நேரத்தில் கோடு போய்விட்டது. வெயிலும் ஈரமும் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும், உண்மைதான். அதையும் இதே மாதிரி தேய்த்து எடுக்கலாம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடாமல் இருந்தால் போதும்.

மூடி இடைவெளி? மூன்று நாள் சும்மா வைத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், முதல் எழுத்திலேயே மை வந்தது, அதனால் விட்டுவிட்டேன். காய்ந்திருந்தால் அது அழகுக் குறை இல்லை, திருப்பி அனுப்ப வேண்டிய குறை. நிப்பின் இரண்டு முனையும் ஏறி இறங்கி இருந்தாலும், மரை கடித்தாலும் அப்படியே. நிப்புக்கும் அடியில் உள்ள நாக்குக்கும் நடுவே சந்து இருந்தால் பயப்படாதீர்கள். நாக்கும் எபோனைட் என்றால் கொதிக்கும் வெந்நீரில் காட்டி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் நாக்கில் இந்த வித்தை சரியாக நடக்காது.

எபோனைட்டுக்கும் ஒரு வம்பு உண்டு. மை கால்வாசிக்குக் கீழே போனதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஒரு சொட்டைத் தள்ளிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது, வெள்ளைச் சட்டைக்காரர்கள் அதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள். மரையில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், வாசலைன் வேண்டாம்.

நான் வைத்திருந்த பித்தளைப் பேனா ஒன்றே ஒன்றுதான், அதுவும் மலிவு ரகம். விலை உயர்ந்தவற்றில் முலாம் இன்னும் தாங்கலாம். கனமான பேனாதான் கைக்கு ஒத்துவருகிறது என்றால் பித்தளையே வாங்குங்கள், கழுத்து மட்டும் முலாம் இல்லாத பிளாஸ்டிக்காக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.