ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு முகப்புப் பக்கம்: படமா குடுக்கலாமா, பக்கமாவே குடுக்கலாமா?

டிசைன் கை வரும், பெரிய கோட் எல்லாம் வராது, ஆனாலும் தினமும் யூஸ் பண்ற ஏதோ ஒரு ஓப்பன் சோர்ஸ் டூலுக்கு நம்மால ஆனத செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு நல்ல வேலை அதோட முகப்புப் பக்கம்தான். பல சின்ன ப்ராஜெக்ட்டுக்கு ரீட்மீ ஃபைலேதான் (கோடோட கூடவே வர்ற அறிமுகக் குறிப்பு) வெப்சைட். எந்த ரூபத்துல குடுக்கறதுங்கிறதுலதான் குழப்பம். என் கணக்கு ஒண்ணுதான்: நீங்க போனப்புறம் அத யாரு பாத்துப்பா?

மொதல்ல படம். ஃபிக்மாங்கிற டிசைன் டூல்ல வரைஞ்சு இஷ்யூல (ப்ராஜெக்ட்டோட குறை, யோசனையெல்லாம் பேசுற இடம்) ஒட்டுறது ரொம்ப ஈஸி, பத்து பேரு தம்ஸ்-அப் போடுவாங்க, "சூப்பர், யாராச்சும் கோட் பண்ணுங்க"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு, அதோட அது தூங்கிடும், ஏன்னா ப்ராஜெக்ட்ட பாத்துக்கற மெயின்டெய்னர் சி, ரஸ்ட்னு ப்ரோக்ராமிங் மொழில எழுதுற ஆளு, பக்கத்தோட தோற்றத்துக்கு எழுதுற சிஎஸ்எஸ்னாலே ஓடுவாரு. அதுவுமில்லாம ஃபோன்ல தலைப்பு மூணு வரியா மடிஞ்சா என்ன ஆகும், கீபோர்ட்ல டேப் அடிச்சா எங்க போகும்னு படம் சொல்லாது. ஃபிக்மாவா, அதே மாதிரி இன்னொரு டூலான பென்பாட்டான்னா இந்த வேலைக்கு பென்பாட்தான், அதுவே எம்பிஎல் 2.0ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல இருக்கு, சொந்த சர்வர்லயும் ஓட்டிக்கலாம். 2022 செப்டம்பர்ல அடோபி 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவ வாங்கப்போறேன்னதும் நிறைய பேரு பென்பாட் பக்கம் திரும்பிப் பாத்தாங்க (அந்த டீல் 2023 டிசம்பர்ல புட்டுக்கிச்சு, அது வேற கதை). ஆனா எதுல வரைஞ்சாலும் படம் படம்தான்.

அடுத்தது கையால எழுதின ஒரு எச்டிஎம்எல், ஒரு சிஎஸ்எஸ், அவ்ளோதான். என் ஓட்டு இதுக்குத்தான். பக்கத்துல எத எங்க வைக்கறதுன்னு முன்னாடி மாதிரி ஃப்ளோட் போட்டு மல்லுக்கட்ட வேணாம், சிஎஸ்எஸ்லயே கிரிட்டும் ஃப்ளெக்ஸும் வந்தப்புறம் ஒரு பக்கத்துக்கு வேற எதுவும் தேவையே இல்ல. கோட் வெக்கிற கிட்ஹப்பே சைட்டையும் ஓட்டித் தர்ற கிட்ஹப் பேஜஸ்ல ஃபைல தள்ளி பிராஞ்ச (கோடோட எந்தக் கிளைன்னு) செலக்ட் பண்ணா சைட் வந்துடும், டிஃப்ப (எந்த வரி மாறிச்சுன்னு காட்டுறது) பாத்தா சிஎஸ்எஸ் தெரியாத மெயின்டெய்னருக்கும் என்ன மாறிச்சுன்னு ஓரளவு புரியும், வெர்ஷன் நம்பர் மாத்தணும்னா அவரே மாத்திப்பாரு. குறைன்னா, பக்கம் அஞ்சு ஆறு ஆச்சுன்னா ஒவ்வொண்ணுலயும் மெனுவையும் ஃபுட்டரையும் காப்பி பண்ணிட்டே இருக்கணும்.

ரெடிமேட் சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப்னா வேகமா முடியும், பட்டன் ஃபார்ம் எல்லாம் ரெடியா இருக்கும், எம்ஐடி லைசென்ஸ், பிரச்சனை இல்ல. ஆனா 2011ல ட்விட்டர்லேர்ந்து வந்ததுலேர்ந்து அதே மூஞ்சிய எத்தனை சைட்ல பாத்தாச்சு! அப்கிரேடும் தலைவலி, 4லேர்ந்து 5க்கு போறப்ப ஜேக்வரிங்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி போச்சு, எச்டிஎம்எல்ல டேட்டா-டாகிள்ங்கிறது டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆச்சு, எம்எல் கிளாஸ் எம்எஸ் ஆச்சு, இத யாரு போயி மாத்துவா? இன்னொரு சிஎஸ்எஸ் தொகுப்பான டெயில்விண்ட் அழகா வரும், ஆனா அதுக்கு பில்ட் ஸ்டெப் (எழுதினத ஒரு டூல் ஓட்டி சிஎஸ்எஸ்ஸா மாத்துறது) வேணும், பைத்தான் ப்ராஜெக்ட்டுல போயி ஒரு பக்கத்துக்காக ஜாவாஸ்கிரிப்ட் ஆளுங்களோட பேக்கேஜ் ஜேசன இறக்கறது ஒரு கிளாஸ் டீ போட கேஸ் கனெக்ஷன் எழுதிப்போடுற மாதிரி.

எழுதின டெக்ஸ்ட்ட ஒரே தீம்ல பக்கம் பக்கமா ஆக்கித் தர்ற டூல்தான் ஜெகில், ஹ்யூகோ, ரெண்டும் டாக்குமென்டேஷன் நிறைய இருந்தா மட்டும். ஜெகில கிட்ஹப் பேஜஸே பில்ட் பண்ணிக்கும், ஆனா நம்ம மெஷின்ல அதுக்கு வேண்டிய ரூபி மொழிய போடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ஹ்யூகோ ஒரே பைனரி, செம ஸ்பீடு, பழைய தீம் மட்டும் புது வெர்ஷன்ல மக்கர் பண்ணும்.

எத எடுத்தாலும் லைசென்ஸ் பாத்துக்கோங்க. அன்ஸ்ப்ளாஷ் படத்த ஃப்ரீதானேன்னு போடுவோம், 2017லயே அவங்க சிசி0வ (எல்லா உரிமையையும் விட்டுக்குடுக்கற லைசென்ஸ்) விட்டுட்டு சொந்த லைசென்ஸுக்கு போயிட்டாங்க. ஃபான்ட்ட கூகுள் சர்வர்லேர்ந்து இழுக்காம ரெப்போலயே (ப்ராஜெக்ட்டோட ஃபைல் எல்லாம் இருக்கிற இடம்) வெச்சிடுங்க, 2022ல மியூனிக் கோர்ட்டு, இப்படி இழுத்ததுல பாக்க வந்தவரோட ஐபி அட்ரஸ் கூகுளுக்கு போச்சுன்னு, ஒரு சைட் ஓனர 100 யூரோ கட்டச் சொல்லிச்சு.

நான் சொல்ற ஆர்டர்: மொதல்ல பென்பாட்ல ஒரு கிறுக்கல் போட்டு இஷ்யூல ஓகே வாங்கிட்டு, அப்புறம் எச்டிஎம்எல்லாவே புல் ரிக்வெஸ்ட் (இத சேத்துக்கோங்கன்னு கோட அனுப்புறது). ஏற்கனவே சைட் ஹ்யூகோல ஓடுதுன்னா இதையெல்லாம் ஓரங்கட்டிட்டு அந்த தீம்லயே சிஎஸ்எஸ் மட்டும் தொடுங்க, ஜெகிலுக்கு மாறலாமான்னு மட்டும் கேட்டுடாதீங்க, அந்த சண்டைய தீத்து இஷ்யூவ மூடுறதுக்குள்ள மெயின்டெய்னருக்கு ஒரு ஞாயித்துக்கிழமையே போயிடும்.