போல்ட் போட்ட பலகையா, பெல்ட் கட்டிய சட்டமா? வீட்டிலேயே பூவைப் பாடம் செய்ய எது தோது

பூவையும் இலையையும் அழுத்திக் காயவைக்க மரத்தில் ஒரு பிரஸ் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே காகிதங்களை அடுக்கி, நான்கு மூலையிலும் போல்ட் போட்டு முடுக்குவது ஒன்று. ரீப்பர் எனும் மெல்லிய நீள மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து இரண்டு சட்டங்கள் செய்து, பெல்ட்டால் இறுக்கிக் கட்டுவது மற்றொன்று. கைவினைக்காரர்கள் பெரும்பாலும் முதலாவதைச் செய்கிறார்கள், தாவரவியல் மாணவர்கள் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். என் ஓட்டு இரண்டாவதுக்கே. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணம்.

கனமான புத்தகத்துக்குள் பூவை வைப்பது செலவில்லாத வழி. ஓரிரு இலைகளுக்குப் போதும். ஆனால் பூவின் ஈரம் முழுக்கப் புத்தகத்தில் இறங்கித் தாள்கள் கறைபடும். வழுவழுப்பான தாளாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சவும் செய்யாது. நல்ல புத்தகத்தை இதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.

போல்ட் வகையைச் செய்வது சுலபம். எட்டு அங்குலச் சதுரமாக இரண்டு பலகைகள், நான்கு அங்குல நீளத்தில் நான்கு போல்ட்டுகள், வாஷர்கள், கையாலேயே திருகக்கூடிய விங் நட்டுகள், இவ்வளவுதான் சாமான். இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து ஒரே மூச்சில் துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் துளைகள் நேருக்கு நேர் வராது. போல்ட்டைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பலகை ஏறி இறங்கும்போது சிக்கிக்கொள்ளும்.

பலரும் கோட்டைவிடுவது பலகையின் தடிமனில்தான். 6 மி.மீ. பிளைவுட் மலிவு, ஆனால் மூலைகளை முடுக்க முடுக்க நடுப்பகுதி வெளிப்பக்கமாக வளையும். ஓரத்தில் இருக்கும் இதழ் தட்டையாகிவிடும், நடுவில் இருப்பது சுருங்கிக் கிடக்கும். குறைந்தது 12 மி.மீ. வேண்டும். முடுக்கும்போது எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். பூ காயக் காய அடுக்கு தளரும் என்பதால், அவ்வப்போது திரும்பவும் முடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு குறை நிற்கும். பலகை மேலும் கீழும் மூடிக்கொள்வதால் ஈரம் பக்கவாட்டில் மட்டுமே வெளியேற முடியும். பூ காய்வது அழுத்தத்தால் அல்ல, நீர் வெளியேறுவதால். அழுத்தம் அதைத் தட்டையாகப் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. ஐப்பசி அடைமழையில் அடுக்கை இரண்டு நாள் பிரிக்காமல் விட்டால் பூசணம் பூத்துவிடும்.

சட்ட வகை இங்கேதான் ஜெயிக்கிறது. 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம் என்பது ஹெர்பேரியங்களில், அதாவது உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகங்களில், வழக்கமான அளவு. ஒரு அங்குல அகலம், அரை அங்குல கனமுள்ள ரீப்பர்களை இடைவெளி விட்டுப் பரப்பி, குறுக்கே இன்னொரு வரிசை வைத்து, சேரும் இடங்களில் பசை தடவி ஆணி அடிக்க வேண்டும். இரண்டு ரீப்பரும் சேர்ந்து ஓர் அங்குலம் என்பதால் முக்கால் அங்குல ஆணி போதும், நீண்டால் மறுபக்கம் துருத்தும். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும், காய்ந்த மரமாகக் கேட்டு வாங்குங்கள். துளைபோடும் வேலையே இல்லை. பெட்டி கட்டும் பெல்ட் இரண்டு இருந்தால் அடுக்கு எவ்வளவு உயர்ந்தாலும் கட்டிவிடலாம், போல்ட்டின் நீளத்துக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

சட்டத்தின் கட்டைகள் செடியில் வரி வரியாகப் பதிந்துவிடும் என்பது ஒரு தொல்லை. மேலும் கீழும் நெளிவு அட்டை வைத்தால் பதியாது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டிக்கொள்ளலாம். நெளிவுக் குழல்கள் அகலவாட்டில் ஓடும்படி வெட்டினால் காற்று குறுகிய வழியில் புகுந்து வெளியேறும். அட்டை, செய்தித்தாள், பூ, செய்தித்தாள், மறுபடி அட்டை என்பதுதான் வரிசை. முதல் நாலைந்து நாட்கள் தினமும் தாளை மாற்ற வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் மாதிரிகளுக்கும் இந்த அழுத்திக் காயவைக்கும் வேலைதான் அடிப்படை.

எந்தப் பூ என்பதும் தேர்வை மாற்றும். காகிதப்பூ, சங்குப்பூ, பெரணி இலை போன்ற மெல்லியவை போல்ட் பலகையிலேயே அழகாக வரும். செம்பருத்தி வழவழவென்று தாளில் ஒட்டிக்கொள்ளும், அதற்கு அடிக்கடி தாள் மாற்றத் தோதான சட்டமே மேல். மல்லிகை எதில் வைத்தாலும் பழுப்பேறும். ரோஜாவை இதழ் இதழாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். எதைப் பறித்தாலும் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள்.

வாழ்த்து அட்டைக்கு நாலு பூ வேண்டும், பிள்ளைகள் தாங்களே திருகி மகிழ வேண்டும் என்றால் போல்ட் பலகை செய்யுங்கள். அதிலும் நெளிவு அட்டையைச் செருகினால் குறை பாதி தீரும். வேரோடு செடி, நீண்ட கொடி, மழைக்காலச் சேகரிப்பு என்று போகிறவர்களுக்குச் சட்டம்தான். வெயில் ஏறும் மொட்டைமாடியில், காற்று புகும்படி அதைப் பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள். சாயங்காலம் மறக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள்.