ஒரு தமிழ்ச் செய்திச் செயலி: ஓராண்டுச் சந்தாவுக்குப் பின்

பெரம்பூரில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், 2023 ஜூலையில் காலை நாளிதழை நிறுத்திவிட்டு, கட்டணம் செலுத்திப் படிக்கும் தமிழ்ச் செய்திச் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம், செய்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், கட்டணமும் அதிகமில்லை. இவற்றில் எனக்கு மனநிறைவே.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிறப்பால் பிரிக்கும் கொடுமையை எப்படி எழுதுகிறார்கள் என்பதே என்னுடைய உரைகல். வகுப்பில் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரைப் பற்றிப் பலமுறை சொல்லிக்கொடுத்திருப்பதால் ஒப்பீடு தானாகவே வந்துவிடுகிறது. நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று 1954 மே 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பர் 4 அன்று எலிசபெத் எக்ஃபோர்டு என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்துவந்த லிட்டில் ராக் பள்ளிக்குத் தன்னந்தனியாக நடந்துவந்தபோது, காவற்படையினர் வழிமறிக்க, வெள்ளையர் கூட்டம் அவரைச் சூழ்ந்து கூச்சலிட்டது. அந்தக் காட்சியை உலகுக்குக் காட்டியவர்களில் உள்ளூர் நாளிதழின் புகைப்படக்காரர் வில் கவுன்ட்ஸும் ஒருவர். அதே மாதம் 23 அன்று, செய்தி சேகரிக்கச் சென்ற கறுப்பினப் பத்திரிகையாளர் அலெக்ஸ் வில்சன் கும்பலிடம் அடிபட்டார். கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்த மாநில ஆளுநரின் போக்கைக் கண்டித்துத் தலையங்கம் எழுதிய 'ஆர்கன்சா கெசட்' நாளிதழ், வாசகர்களையும் விளம்பரங்களையும் இழந்தும் பின்வாங்கவில்லை. 1958இல் அதற்குப் புலிட்சர் விருது கிடைத்தது. அக்காலப் பத்திரிகைகள் எல்லாமே நேர்மையாக இருந்தன என்று நான் சொல்லவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் 'கிளாரியன் லெட்ஜர்' நாளிதழ் நிறத்தின் பெயரால் பிரித்துவைப்பதை வெளிப்படையாகவே ஆதரித்தது. ஆனாலும் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து 1954 முதல் 1965 வரை 'சதர்ன் ஸ்கூல் நியூஸ்' என்ற இதழ், எந்த மாநிலத்தில் பள்ளிகள் எந்த அளவுக்குக் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன என்பதை மட்டுமே தொடர்ந்து பதிவு செய்துவந்தது. அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நான் சந்தா கட்டிய அடுத்த மாதமே, நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த இரண்டு நாட்களும் செயலியின் அறிவிப்பு ஒலி ஓயவில்லை. ஒரே படம், ஒரே நான்கு வரி, தலைப்பு மட்டும் மாறிமாறி வந்தது. வாசகர் கருத்துப் பகுதியில் சாதிப் பெயர் சொல்லி வசைபாடியவை நாள்கணக்கில் நீக்கப்படாமல் கிடந்தன. பிறகு அடியோடு அமைதி. அந்தக் கொடுமையை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் 610 பக்க அறிக்கையை அரசிடம் அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, மாணவர்கள் கையில் சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது எனப் பள்ளிகளின் அன்றாடத்தைத் தொடும் பரிந்துரைகள் அதில் இருந்தன. செயலியோ ஒரு சிறு குறிப்போடு முடித்துக்கொண்டது. ஓராண்டுக்கு முந்தைய செய்தியோடு அதை இணைக்கக்கூட இல்லை; பழைய செய்தியைத் தேடினால் கிடைப்பதும் அரிது.

செய்தி வேகமாகக் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு இச்செயலி பயன்படும். ஒரு விஷயத்தின் முன்பின் தெரிந்துகொள்ள விரும்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதிவாரியான தனிப்பக்கம் வேண்டுமென்று நிறுவனத்துக்கு இருமுறை எழுதினேன், பதில் வரவில்லை. சந்தாவைப் புதுப்பிக்காமல், நாளிதழையே மறுபடியும் போடச் சொல்லிவிட்டேன்.