.22 எல்.ஆர். தோட்டா: 500 எண்ணிக்கைப் பெட்டி பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவில் சூறாவளிக்கும் நீண்ட மின்தடைக்கும் முன்னேற்பாடாக டின் உணவோடு ரைபிள் தோட்டாக்களையும் சேமித்து வைப்போர் பலர் முதலில் வாங்குவது, 1887 முதல் புழக்கத்தில் உள்ள .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) என்ற சிறிய தோட்டா வகையைத்தான். 500 தோட்டாக்கள் ஏறத்தாழ 1.7 கிலோ மட்டுமே. அதே எண்ணிக்கையில், பெரிய ரைபிள் தோட்டாக்களான 5.56 நேட்டோ 6 கிலோவும், .308 வின்செஸ்டர் 12 கிலோவும் இருக்கும். விலையும் மலிவு. முயல், அணில் வேட்டைக்கும் குறிபார்க்கும் பயிற்சிக்கும் இது போதும், மானுக்குப் போதாது.

குறைகளும் உண்டு. பெட்டியைத் திறந்தால் மெழுகுப் பிசுக்குடன் ஈயக்குண்டு விரலில் ஒட்டும். தீமூட்டும் மருந்து உறையின் அடிவிளிம்புக்குள் பரவலாக இருப்பதால், அது அடிப்பகுதியின் மையத்தில் உள்ள வகைகளைவிட இது வெடிக்காமல் போவது அதிகம். சுட்டபின் மிஞ்சும் வெற்று உறையில் மீண்டும் மருந்து நிரப்பவும் நடைமுறையில் எளிய வழியில்லை. மலிவானதாயிற்றே, எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் 2013 தட்டுப்பாட்டில் பொய்த்தது.

ஆகவே இதனுடன், ஏற்கெனவே கையிலுள்ள வேட்டை ரைபிளுக்குரிய தோட்டாவையும் வாங்குவதே என் தேர்வு. இரண்டையும் ரப்பர் விளிம்புள்ள இரும்புப் பெட்டியில், ஈரமும் வெப்பமும் அண்டாத அலமாரியில் பூட்டி வைக்கலாம்.