ஓஸ்டன் தொங்கு படகு: தண்ணீரைத் தொடாமல் ஆற்றைக் கடக்கலாம்

வட ஜெர்மனியின் சதுப்பு நிலத்தில், ஓஸ்டே ஆற்றங்கரையில் இருக்கிறது ஓஸ்டன் என்ற சிற்றூர். ஊருக்குள் நுழையும் முன்பே அந்த இரும்புச் சட்டகம் கண்ணில் படும். 38 மீட்டர் உயரம், சுமார் 80 மீட்டர் நீளம். மேலே தண்டவாளத்தில் வண்டி ஓட, அதிலிருந்து கீழே தொங்கும் மேடையில் நாம் நிற்கிறோம். இரும்புக் கம்பிச் சட்டங்கள் இறுக்கிப் பிடித்திருப்பதால் மேடை ஆடுவதே இல்லை. என்னோடு வந்த அம்மாகூடக் கைப்பிடியை விட்டுவிட்டார்.

இதை ஏன் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடல் ஓதத்தால் நீர்மட்டம் ஏறி இறங்கும் ஆறு இது. குளிர்காலப் பனிக்கட்டி பழைய படகுத் துறையை முடக்கிவிடும். உயரமான பாய்மரக் கப்பல்களும் போக வேண்டும். தட்டையான நிலத்தில் அவ்வளவு உயரத்துக்குப் பாலம் எழுப்புவதோ பெருஞ்செலவு. அதனால் 1909-ல் இது வந்தது. ஜெர்மனியில் இவ்வகையில் இதுவே முதலாவது. 1974-ல் அருகில் சாலைப் பாலம் திறந்ததும் அன்றாடப் போக்குவரத்திலிருந்து ஓய்வு பெற்றது. இடித்துவிடாமல் காத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி!

பயணம் சில நிமிடங்களே. அதற்காக இவ்வளவு தூரம் வரலாமா என்றால், தாராளமாக வரலாம். கோடை மாதங்களில் வாருங்கள், குளிர்காலத்தில் ஓடாது. இறங்கியதும் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள்.